ஒரே படமா, பங்கிட்ட நினைவா?

குழு சேர்ந்து சிந்திப்பதற்கு இரண்டு வழி. வேலையைப் பற்றிய படம் எல்லோர் மனதிலும் ஒன்றாக இருப்பது ஒன்று. யாருக்கு எது தெரியும் என்பதை மட்டும் எல்லோரும் அறிந்திருப்பது மற்றொன்று. 1985இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் விளக்கியது இந்த இரண்டாவது வழியைத்தான்.

நொடிக்கணக்கில் நடக்கும் வேலைக்கு முதல் வழியே சரி. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும்போது 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கூப்பிடாமலே அடுத்தவர் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்றால் படம் பதிந்திருக்கிறது. பதிய வைக்க, பொறுப்புகளை மாற்றி மாற்றி ஒத்திகை பாருங்கள். ஆனால் மருந்தின் அளவைச் சொன்னால் மட்டும், காதில் வாங்கியவர் அதைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். படமே தவறென்றால்? ஒருவருக்கும் உறுத்தாது, அதுதான் வம்பு.

பல துறை அறிவு தேவைப்படும் நீண்ட வேலைக்கு இரண்டாவது வழி. 1995இல் லியாங், மோர்லாண்ட், ஆர்கோட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ரேடியோவின் பாகங்களைப் பொருத்தும் சோதனை நடத்தினார்கள். சேர்ந்து பயின்ற குழுக்கள், தனித்தனியே பயின்று பிறகு சேர்ந்தவற்றைவிடக் குறைவாகப் பிழை செய்தன. யார் எதில் கெட்டி என்பது பயிற்சியிலேயே தெரிந்துபோனது. ஆட்களைக் கலைத்துப் போட்டால் இந்த லாபம் கரைந்துவிடும். அடிக்கடி குழு மாற்றும் மேலாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

யாருக்கு எது தெரியும் என்று காட்ட ஒரு பக்கப் பட்டியல் போதும்: விஷயம், தெரிந்தவர், மாற்று ஆள். மாற்று ஆள் இல்லாத வரியை முதலில் சரிசெய்யுங்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததையே பேசிக்கொண்டிருப்பது மனித இயல்பு. அதனால் முடிவெடுக்கும் முன், தனக்கு மட்டும் தெரிந்ததை ஒவ்வொருவரும் எழுதித் தரட்டும்.