மட்லெட்டில் ஆறு வருடம்: டைமரை டிரிகரிடம் ஒப்படைத்த பிறகு

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் ராத்திரியும் ஒரு முறை தழை போட்டாக வேண்டும். ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் அந்த ஒரு வாரம் புழுவின் பசிக்குத்தான் வீடே ஓடும். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் வீடும் அப்படித்தான். நான் விளையாட உட்காருவதும் அதே ராத்திரி நேரத்தில். இரண்டையும் சமாளிக்கத்தான் மட் என்ற எழுத்து விளையாட்டை ஆட உதவும் மட்லெட் மென்பொருளில் (கிளையண்ட்), தானாகக் கட்டளை அனுப்பும் டிரிகரும் டைமரும் போடக் கற்றுக்கொண்டேன். ஆறு வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் என் புரொஃபைலில் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன. இப்போது இருபதுகூட இல்லை. விளையாட்டு முன்னைவிட நன்றாகப் போகிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மட் என்பது எழுத்தாலேயே ஆடும் விளையாட்டு. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த விளையாட்டின் பெயரே இந்த வகைக்கும் பெயராகிவிட்டது. நான் ஆடுவது டிக்கூமட் வழியில் வந்த ஒன்று. டிக்கூமட் என்பது கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1990-91-இல் எழுதிய மட் நிரல். அவர்களுடைய கணினித் துறையின் சுருக்கப் பெயர்தான் டிக்கூ. படம் எதுவும் இல்லாததால் டேட்டா மிகக் குறைவு. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுகிற எங்கள் ஊரில், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும் நேரத்திலும் இது ஓடும்.

மட்லெட் இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் வரும். ஸ்கிரிப்ட் எல்லாம் லுவா என்ற நிரல்மொழியில். திரையில் ஒரு வரி வந்தால் ஒரு வேலையைச் செய் என்பது டிரிகர். இத்தனை வினாடி ஆனதும் செய் என்பது டைமர். கேட்க எளிது. நான் மாட்டிக்கொண்டதெல்லாம் இந்த எளிமையை நம்பித்தான்.

என் முதல் டிரிகர் பசிக்கானது. "யூ ஆர் ஹங்க்ரி" என்று வரி வந்தால் பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிடும். பசி தீர்ந்ததா என்று பார்க்க, கடைசியில், நிலையைக் காட்டும் ஸ்கோர் கட்டளையையும் சேர்த்துவிட்டேன். ரொட்டி இருந்தவரை எல்லாம் சரி. ஒரு நாள் பை காலி. ஸ்கோர் பட்டியலிலும் அதே "யூ ஆர் ஹங்க்ரி" வரி உண்டு. அதைப் பார்த்து டிரிகர் மறுபடி ஓட, அது மறுபடி ஸ்கோர் கேட்க, சில வினாடிக்குள் நூற்றுக்கணக்கான கட்டளைகள் போய்விட்டன. சர்வர் இணைப்பைத் துண்டித்தது.

அன்றைக்குக் கற்ற வழியை இன்றுவரை மாற்றவில்லை. கட்டளை அனுப்புகிற எந்த டிரிகரும் ஓடியவுடன் முதலில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள வேண்டும். அதே டிரிகர், பத்து வினாடி கழித்து ஓடும்படி ஒரு டெம்ப்டைமர், அதாவது தற்காலிக டைமர், போட வேண்டும். அந்த டைமர்தான் டிரிகரை மறுபடி எழுப்பும். இரண்டே வரி லுவா. ரொட்டி இல்லாவிட்டாலும் பத்து வினாடிக்கு ஒரு முறைதான் கேட்கும். அதற்குள் நான் பார்த்துவிடுவேன்.

பேட்டர்ன், அதாவது டிரிகர் தேட வேண்டிய சொற்களை எழுதும் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு டிரிகர் திறந்தால் மட்லெட் அதைச் சப்ஸ்ட்ரிங் வகையாகத்தான் எடுத்துக்கொள்ளும். வரியின் எந்த மூலையில் அந்தச் சொல் இருந்தாலும் ஓடிவிடும். பொதுச் சேனலில் இன்னொரு ஆட்டக்காரர் அந்த வாக்கியத்தை எழுதினாலும் விளையாட்டில் உள்ள உங்கள் பாத்திரம் (கேரக்டர்) அதற்குக் கீழ்ப்படியும். வகையை ரெஜெக்ஸுக்கு (வரியின் வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) மாற்றி, தொடக்கத்தில் ^ குறியும் முடிவில் $ குறியும் போட்டால் முழு வரியும் அப்படியே இருந்தால்தான் பொருந்தும். முழு வரியும் மாறாத ஒன்று என்றால் எக்ஸாக்ட் மேட்ச் வகையே போதும்.

இனி டைமர். நான் அதிகம் உழைத்தது இதில்தான்.

டிக்கூ வகை விளையாட்டில் ஒரு விளையாட்டு மணி என்பது நம் 75 வினாடி. அதை டிக் என்பார்கள். உயிர்ப்புள்ளியும் மந்திர சக்தியும் ஏறுவது, பசியும் தாகமும் கூடுவது, மந்திரங்களின் ஆயுள் குறைவது எல்லாம் அந்தக் கணத்தில் நடக்கும். டிக் வரும்போது பாத்திரம் தூங்கிக்கொண்டிருந்தால் அதிகம் ஏறும். அதனால் அது வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள எல்லோரும் ஆசைப்படுவோம். நானும் டைமர் பகுதியில் 75 வினாடிக்கு ஒன்று போட்டு, மணியடிக்க விட்டேன். முதல் சில சுற்று சரியாக வந்தது. அப்புறம் மெல்ல விலக ஆரம்பித்தது. இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் கணக்கே வேறு. சர்வரின் கடிகாரம் தன் போக்கில் போகும்; என் கணினியின் கடிகாரத்துக்கு அதனோடு பேச வழியே இல்லை.

வழி விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. சூரியன் கிழக்கில் எழுகிறது, பகல் தொடங்கியது, சூரியன் மேற்கில் மறைகிறது, இரவு தொடங்கியது என்று நான்கு வரிகள் வரும். பழைய டிக்கூ நிரலில் இந்த வரிகளும் டிக்கும் ஒரே நொடியில்தான் நடக்கும். இந்த நான்குக்கும் ஒரே டிரிகர் போட்டேன். அது ஓடியதும், பழைய டைமரை கில்டைமர் என்ற கட்டளையால் நிறுத்திவிட்டு, 70 வினாடிக்குப் புதிதாக ஒன்று தொடங்கும். ஐந்து வினாடி முன்கூட்டியே எச்சரிக்கை வரும். அடுத்த வரி வரும்வரை 75, 75 ஆகத் தானே தொடரும். விளையாட்டின் ஒரு நாள் நம் அரை மணி நேரம் என்பதால், அந்த அரை மணிக்குள் நான்கு முறை கடிகாரம் சரிசெய்யப்படுகிறது. கட்டடத்துக்குள் இருந்தாலோ தூங்கினாலோ அந்த வரிகள் நமக்கு வராது. அப்போது சற்று விலகும், வெளியே வந்தால் சேர்ந்துவிடும். இதைவிடத் துல்லியமாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

கில்டைமர் பற்றி ஓர் எச்சரிக்கை. டெம்ப்டைமர் தொடங்கும்போது ஓர் எண் கொடுக்கும். அதை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பழையதை நிறுத்தவே முடியாது. நான் பிடித்து வைக்காத வாரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே சமயத்தில் ஏழெட்டு மணி அடிக்கும்.

கரண்ட் போவது எங்களுக்கு வழக்கம். லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் நின்றுவிடும். இணைப்பு போனாலும் மட்லெட்டின் டைமர்கள் நிற்பதில்லை. மறுபடி இணைந்ததும், பெயர் கேட்கிற இடத்தில் "தண்ணீர் குடி" கட்டளை போய் விழும். சிஸ்-டிஸ்கனெக்‌ஷன்-ஈவன்ட் என்று மட்லெட் ஒரு நிகழ்வை, அதாவது இணைப்பு போனது என்ற உள் அறிவிப்பை, எழுப்புகிறது. டைமர்களை எல்லாம் ஒரே குழுவில் வைத்து, அந்த நிகழ்வு வந்ததும் குழுவையே அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். உள்ளே நுழைந்ததற்கான வரவேற்பு வரியைப் பார்த்தபின் ஒரு டிரிகர் திரும்ப இயக்கும்.

அடுத்து சொல்வது எனக்கு இன்னும் மனசுக்குள் உறுத்துகிற விஷயம். ஒரு ராத்திரி அம்மா "தம்பி, தழை போட வாடா" என்று கூப்பிட்டார். எல்லா டிரிகரும் ஓடிக்கொண்டிருக்க அப்படியே எழுந்து போனேன். முக்கால் மணி நேரம். பாத்திரம் தானாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் ஆடவிடக் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட விதி. பல மட்களில் இருப்பதுதான். நிர்வாகி வந்து கேள்வி கேட்டிருக்கிறார், பதில் சொல்ல நான் இல்லை. விளையாட்டுக்குள் என் பாத்திரத்துக்கு ஒரு வாரம் சிறை. அவர் செய்தது சரி. கூட ஆடுகிற மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

அதற்குப் பிறகு எஃப்1 விசையில் ஒரு கீ பைண்டிங் வைத்தேன். அதை அழுத்தினால் தானியங்கிகள் ஐந்து நிமிடம் உயிரோடு இருக்கும். மறுபடி அழுத்தாவிட்டால் ஒரு டைமர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். தழை போட எழுந்து போனால் ஐந்து நிமிடத்தில் பாத்திரமும் சும்மா நிற்கும். என் புரொஃபைலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மட்லெட்டில் குறை என்றால், பல வரி சேர்ந்து பொருந்துகிற டிரிகர்களைப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகும். நான் அவற்றைத் தொடுவதில்லை. போனில் ஆடுவதற்கு, ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியில் டின்டின் பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு மட் கிளையண்ட் வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் அதுதான். ஆக்‌ஷன் என்றால் டிரிகர், டிக்கர் என்றால் திரும்பத் திரும்ப ஓடும் டைமர், டிலே என்றால் ஒரு முறை ஓடுவது. அங்கேயும் தனியாக டிக்கர் போடுவதில்லை, ஆக்‌ஷனுக்குள் டிலே வைக்கிறேன். அதே காரணம்தான்: தனியாக ஓடும் டைமர் சர்வரின் கடிகாரத்திலிருந்து விலகிவிடும்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் போன வருடம் ஆட வந்தார். "தம்பி, உன் ஃபைலை அப்படியே அனுப்பிடு" என்றார். "அண்ணா, பத்து நாள் ஒன்றுமே போடாமல் கையாலேயே ஆடிப் பாருங்கள். எந்த வரிக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அடிக்கிறீர்களோ அதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலையில் போன் செய்தார். அவரிடம் நான்கு வரிகள் இருந்தன: பசி, தாகம், பாதுகாப்பு மந்திரத்தின் வெள்ளை ஒளி மங்குவது, சூரியன் எழுவது. அந்த நான்குக்கும் போனிலேயே பேசிப் பேசிப் போட்டு முடித்தோம்.