உப்புத்தாளா, அமிலமா, பிளாஸ்டிங்கா: துப்பாக்கி மறுபூச்சுக்கு முந்தைய வேலை

வீட்டில் துப்பாக்கிக்கு மறுபூச்சு கொடுப்பவர்களுக்கு உலோகத்தைத் தயார்செய்ய மூன்று வழிகள் உண்டு: கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, அமிலத்தால் பழைய பூச்சைக் கரைப்பது, அழுத்தக் காற்றால் துகள்களை அடித்துச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்டிங். இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அடுத்து வரப்போகும் பூச்சு எது என்பதை முதலில் முடிவுசெய்தால், பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

மூன்றில் எளிதானது அமிலம். எஃகின் மேலுள்ள பழைய புளூயிங், மேக்னடைட் என்னும் கருப்பு இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலமே ஆதலால், சமையல் வினிகரோ நீர்த்த பாஸ்பாரிக் அமிலமோ அதை விரைவில் கரைத்துவிடும். இண்டு இடுக்குகளிலுள்ள லேசான துருவும் அதனுடன் போகும். ஆனால் அமிலம் கீறலையும் துருக் குழியையும் சமன்செய்யாது. பூச்சு போனபின் அவை முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்: கடினப்படுத்திய ஸ்பிரிங்குகளுக்குள் ஹைட்ரஜன் ஊடுருவி அவற்றை நொறுங்கும் தன்மையுடையதாக்கக்கூடும் என்பதோடு, அதன் ஆவியே பட்டறையிலுள்ள மற்ற கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். எந்த அமிலமானாலும், சோடா மாவு கரைத்த நீரில் கழுவி உடனே உலர்த்தாவிட்டால், சில நிமிடங்களிலேயே செந்துரு படரும்.

புளூயிங் செய்வதானால் என் தேர்வு உப்புத்தாள்தான். புளூயிங் எதையும் மறைப்பதில்லை. அடியிலுள்ள ஒவ்வொரு கீறலையும் கருமையாக்கிக் காட்டும். எனவே 220 கிரிட்டில் (எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்) தொடங்கி 320, 400 என்று ஏறும்போது, ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையை மாற்றி, முந்தைய கோடுகள் முழுவதும் மறைந்தபின்னரே அடுத்த தாளை எடுக்க வேண்டும். தட்டையான பக்கங்களில் தாளுக்குப் பின்னால் மரக்கட்டை இருப்பது அவசியம். விரலால் அழுத்தித் தேய்த்தால் திருகுத் துளையின் விளிம்பு உள்நோக்கிச் சரிந்து, துளையைச் சுற்றி ஆழமற்ற பள்ளம் விழும். புளூயிங் ஏறியதும் அந்தப் பள்ளத்தில் ஒளி வளைந்து தெரிவதைக் கொண்டே அனுபவமுள்ளவர்கள் அது மறுபூச்சு என்று கண்டுகொள்வார்கள். பழைய திருகு ஒன்றைத் துளையில் முடுக்கிவைத்து, அதையும் சேர்த்துத் தேய்ப்பது இதற்கு நல்ல மாற்று. மோட்டாரில் சுழலும் பஃபிங் சக்கரம் நேரத்தை மிச்சப்படுத்தும், கூடவே கூரிய விளிம்புகளையும் பொறித்த எழுத்துகளையும் மழுக்கிவிடும். வரிசை எண்ணைச் சுற்றித் தேய்க்கவே கூடாது. அதை அழிப்பது பல நாடுகளில் குற்றம்.

செராகோட் போன்ற செராமிக் பூச்சுக்கும், பார்க்கரைசிங் என்னும் பாஸ்பேட் பூச்சுக்கும் கதை வேறு. வழவழப்பான எஃகில் செராமிக் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்காது. சுமார் 100 மெஷ் அளவிலான அலுமினியம் ஆக்சைடு துகள்களால் அடித்த மேற்பரப்பே அதற்கு ஏற்றது. கண்ணாடி மணிகள் மிருதுவான, மங்கிய தோற்றம் தருமே தவிர, பூச்சு பற்றிக்கொள்ளத் தேவையான கூர்மையைத் தருவதில்லை. குழலின் உட்புறம், தோட்டா அமரும் அறை, விசையின் தேய்மானப் பகுதிகள் ஆகியவற்றை அடைத்தும் மறைத்தும் வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சாதாரண மணலைப் பயன்படுத்தினால் அதன் சிலிக்கா தூசு நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கம்ப்ரசரும் மூடிய பெட்டியும் இல்லாதவர்கள், இந்த ஒரு கட்டத்தை மட்டும் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் விட்டுவிடலாம்.

வழி எதுவானாலும் எண்ணெய் நீக்கம் பொதுவானது, அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் அதுதான். அசிட்டோனால் துடைத்தபின் நீரை ஊற்றிப் பார்த்தால், சுத்தமான எஃகில் அது உடையாத படலமாகப் பரவும். துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய் மிச்சமிருக்கிறது. செராமிக் பூச்சுக்கு முன், அசிட்டோன் முழுவதும் ஆவியான பிறகு, சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடேற்றினால் இணைப்புகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெளிவரும். அதைத் துடைத்து மீண்டும் சூடேற்ற வேண்டும். சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடக்கூடாது. எண்ணெய் நீக்கியபின் கையுறை இல்லாமல் உலோகத்தைத் தொட்டால், சூடேற்றாமல் பூசும் புளூயிங் திரவமான கோல்ட் புளூ அந்தக் கைரேகை பட்ட இடத்தில் மட்டும் பிடிக்காமல் வெளுத்துத் தெரியும்.