கேஜா, ஸ்கேனரா, கேனா: லாரியில் டீசல் பிரஷர் குறைந்தால் எதை நம்புவது?

சேலம் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. தொப்பூர் ஏற்றத்தில் பாதி ஏறும்போது இழுவை செத்துப்போய், செக் லைட் எரிந்தது. கியரைக் குறைத்தும் பலனில்லை. டிரைவர் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறிவிட்டது. ஊர் திரும்பியதும் ஓர் ஒர்க் ஷாப்பில், எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்ததைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் செலவு. ஓனர் மனம் கேட்காமல் வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பம்பில் எந்தக் கோளாறும் இல்லை.

இந்த மாதிரி வண்டிகள் அடிக்கடி வருகின்றன. அதனால்தான், பிரஷர் குறைவைக் கண்டுபிடிக்க இருக்கும் வழிகளில் எது எதைக் காட்டும், எது எதைக் காட்டாது என்று எழுதலாம் என நினைத்தேன். நான் சொல்வது காமன் ரெயில் எஞ்சின்களுக்கு. அதாவது, ஹை பிரஷர் பம்ப் தரும் டீசலை ரெயில் என்ற ஒரே குழாயில் அழுத்தத்தோடு தேக்கி, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுக்கும் எஞ்சின்களுக்கு. அதிலும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப், ஹை பிரஷர் பம்போடு சேர்ந்தே இருக்கும் வகைக்கு.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அதற்கு அப்புறம்தான் தள்ளப்படுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட பம்பாக இருந்தாலும் 1 பார் காற்றழுத்தத்துக்கு உள்ளேதான் வேலை செய்ய முடியும். முழு லோடில் ரெயில் கேட்பதோ 1,600 பார், சில எஞ்சின்களில் அதற்கும் மேல். டேங்க் பக்கம் ஒரு சின்ன அடைப்பு விழுந்தால் போதும், ரெயில் விழுந்துவிடும்.

ஸ்கேனர் இந்த ரெயிலை மட்டும்தான் பார்க்கிறது. பி0087 (P0087) என்ற கோளாறு எண் வந்தால், ரெயிலில் பிரஷர் போதவில்லை என்று அர்த்தம். பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபில்டர் அடைத்தாலும், காற்று இழுத்தாலும், இன்ஜெக்டரிலிருந்து திரும்பிப் போகும் டீசல் (ரிட்டர்ன்) அதிகமானாலும், ரெயிலில் பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் லிமிட்டர் வால்வு கசிந்தாலும் இதே எண்தான் வரும். ஆனால் ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேட்ட பிரஷரையும் உண்மையில் கிடைத்த பிரஷரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லோடு ஏற்றி, ரோட்டில் ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. தொப்பூர் வண்டியில் ஐடிலில் இரண்டும் ஒட்டியே நின்றன. ஏற்றத்தில் 1,400 கேட்டால் 900தான் வந்தது. கோளாறு லோடில் மட்டும் வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. எங்கே என்பதை ஸ்கேனர் சொல்லாது.

இதற்கு நேர் எதிர், கண்ணாடிபோல் தெரியும் ட்யூப். செலவு ஒன்றுமில்லை. உறிஞ்சும் லைனில் ஒரு முழம் ட்யூபை இடையில் சேர்த்து எஞ்சினை ஓடவிட்டால் காற்றுக் குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கையால் தடவி ஈரம் தேடுகிறவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை. ராத்திரி நிறுத்தினால் டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் ஹேண்ட் பிரைமரை, அதாவது டீசலை இழுக்கும் கைப் பம்பை, அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இப்படி ஒரு வண்டி வந்தால் நான் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் ட்யூபைத்தான் எடுப்பேன். ஃபில்டர் பக்கத்தில் குமிழி தெரிந்தால் ட்யூபை டேங்க் பக்கம் நகர்த்துங்கள். எந்த இடத்தில் குமிழி நிற்கிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. பெரும்பாலும் ஒரு செம்பு வாஷரோ பிரைமரின் ரப்பரோதான் காரணமாக இருக்கும். ஃபில்டர் மாற்றிய கையோடு பார்த்தால் குமிழி வரத்தான் செய்யும், கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் ட்யூபைக் கழற்றிவிட வேண்டும், டீசல் பட்டு நாளடைவில் இறுகிப்போகும். அடைப்பு இருந்தால் இந்த ட்யூப் அதைக் காட்டாது.

கேன் வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் இருக்கும் கேனிலிருந்து நேராக பம்புக்குக் கொடுப்பது. வண்டி சரியாகிவிட்டால் கோளாறு டேங்க், பைப், ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கும் முதல் ஃபில்டர் இவற்றில்தான். ஆனால் கேனை கேபின் உயரத்தில் தூக்கி வைக்கிறார்கள். அப்போது டீசல் தானாக இறங்கிவரும், தேய்ந்துபோன ஃபீட் பம்பும் நல்ல பம்பாகத் தெரியும். டேங்க் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் கேனும் இருக்க வேண்டும். இன்னொரு குறை, கேனோடு ரோட்டில் ஏற்றம் ஏற முடியாது. லோடில் மட்டும் வரும் கோளாறுக்கு இது பாதிப் பதில்தான்.

நான் நம்புவது கேஜ். ஃபீட் பம்புக்கு அப்புறம் வரும் ஃபில்டருக்கு முன் ஒன்று, பின் ஒன்று, உறிஞ்சும் பக்கத்தில், உறிஞ்சும் இழுவை எவ்வளவு என்று காட்டும் ஒரு வாக்குவம் கேஜ். நீளமான ஹோஸ் போட்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி கட்டிவிட்டு லோடோடு கிளம்ப வேண்டும். பல எஞ்சின்களில் ஃபீட் பிரஷர் 4 முதல் 6 பார் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு அதன் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. ஃபில்டருக்கு முன்னால் சரியாக இருந்து பின்னால் விழுந்தால் ஃபில்டர். இரண்டு பக்கமும் விழுந்து, வாக்குவமும் ஏறினால் டேங்க் பக்கம் அடைப்பு. இரண்டும் விழுந்து, வாக்குவம் ஏறாமலே இருந்தால் ஒன்று காற்று இழுக்கிறது, இல்லை ஃபீட் பம்ப் தேய்ந்திருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் அந்த ட்யூப்.

தொப்பூர் வண்டியில் கிளம்பும்போது வாக்குவம் 0.15 பார். ஏற்றத்தில் முள் மெல்ல நகர ஆரம்பித்து 0.6-க்கு வந்தது, ஃபீட் பிரஷர் அதே நேரத்தில் இறங்கியது. நிறுத்தி அணைத்தோம். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அப்படியானால் டேங்குக்குள் ஏதோ மிதக்கிறது. உறிஞ்சும்போது பைப் வாயில் ஒட்டிக்கொண்டு, எஞ்சினை அணைத்ததும் விலகிவிடுகிறது. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளங்கை அளவுக்கு ஒரு துணி விழுந்தது. எப்போதோ டேங்க் மூடி தொலைந்த நாளில் வாயை அடைக்க வைத்த துணியின் கிழிசல்.

கேஜ் எல்லாம் சரியாக இருந்தும் ரெயில் ஏறவில்லை என்றால்தான் பாட்டில் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், எது மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அது கசிகிறது. சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் தொல்லை கொடுக்கும் வண்டிக்கு இதை முதலிலேயே செய்யலாம். சூட்டில் டீசல் இளகிவிடும், தேய்ந்த இடத்தில் கசிவு கூடிவிடும்.

காமன் ரெயிலுக்கு முந்தைய மைக்கோ பம்ப் காலத்தில், சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஓடும் எஞ்சினில், அந்த சிலிண்டரின் நாசிலுக்கு டீசல் கொண்டுபோகும் பைப்பின் நட்டைத் தளர்த்துவோம். காமன் ரெயிலில் அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியமாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலே போகலாம். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கேஜ் வாங்கியவர்கள் வண்டி கெடும்வரை காத்திருக்க வேண்டாம். நன்றாக ஓடும் நாளிலேயே, புது ஃபில்டர் போட்ட கையோடு ஒரு தடவை மாட்டி, ஐடிலில் எவ்வளவு, முழு லோடில் எவ்வளவு என்று பார்த்து, ஃபில்டர் பிராக்கெட்டில் பெயின்ட் மார்க்கரால் எழுதிவையுங்கள். எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.