சாப்பா மலைக்குப் போகிறீர்களா? ஹனோயில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வியட்நாம் தலைநகர் ஹனோயின் பழைய நகரத் தெரு ஒன்றில், சாப்பா மலைநடைச் சுற்றுலாவுக்கு 30 லட்சம் டாங் கட்டி நானும் என் அக்காள் மகனும் ஏமாந்த கதை இது. தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். போனது பத்தாயிரம் ரூபாய்தான். ஆனால் நான் 26 ஆண்டுகள் கூட்டுறவு வங்கியில் காசாளராக உட்கார்ந்தவன். கட்டைப் புரட்டும்போதே கள்ளநோட்டு என் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன். அதனால்தான் இந்தப் பத்தாயிரம் இன்னும் செரிக்கவில்லை.

25 டாலரில் மின்விசா, திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேர் விமானம் என்று வழி எளிதாகிவிட்டதால் வியட்நாமில் இப்போது அங்கங்கே தமிழ் காதில் விழுகிறது. அப்படிப் போகிறவர்களில் சிலராவது முதுகில் பையை மாட்டிக்கொண்டு வடக்கே சாப்பா மலைக்கு ஏறுவார்கள். எழுதுவது அவர்களுக்காக.

ஹனோயில் நாங்கள் நுழைந்த சுற்றுலா ஏற்பாட்டுக் கடையில் கடைக்காரர் தேநீர் கொடுத்தார். பெயர்ப்பலகையில் இருந்த பெயர் எங்கோ நல்லவிதமாகக் கேள்விப்பட்டதாகத் தோன்றியது. பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரோடு ஓரெழுத்தை ஒட்டியிருந்தார்கள் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. பழைய நகரத்தில் இந்த வித்தை சாதாரணமாம். படத்தொகுப்பைப் புரட்டிக் காட்டினார்: பொன்னாய் விளைந்த படிக்கட்டு வயல்கள், அடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஹ்மாங் என்ற மலையினக் குடும்பம், கருநீல உடையில் சிரிக்கும் பெண்கள். இரண்டு நாள் மலைநடை, ஆறு பேருக்கு மேல் கிடையாது, ஹ்மாங் வழிகாட்டி, இரவு ஹ்மாங் வீட்டில் தூக்கம், அவர்களோடு சாப்பாடு, ஹ்மாங் மூலிகைக் குளியல், நுழைவுச்சீட்டு, பஸ், எல்லாம் அடக்கம் என்றார்.

"மாமா, இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்துவிடலாம்" என்றான் மருமகன்.

"முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்" என்றேன்.

வயலிலிருந்து தொடங்குகிறேன். குடியானவன் வீட்டில் பிறந்தவனுக்கு அதுதான் முதலில் உறைத்திருக்க வேண்டும். சாப்பா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரால் வருடத்துக்கு ஒரு போகம்தான். மே, ஜூனில் நடவு. செப்டம்பரில் அறுப்பு முடிந்துவிடும். நாங்கள் போனது அக்டோபர் கடைசி வாரம். மூடுபனி விலகியபோது மூவோங் ஹோவா பள்ளத்தாக்கு முழுக்க அறுத்த நெல்தாள்தான் தெரிந்தது. எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக மலையை வெட்டி, வரப்புக்குமேல் வரப்பாக அடுக்கிய உழைப்பைப் பார்க்கத் தாளே போதும் என்பது வேறு விஷயம். ஆனால் பொன் வயலுக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் செப்டம்பர் இரண்டாம் வாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எவ்வளவு அழகான படம் காட்டினாலும் நெல் உங்களுக்காக நிற்காது.

இரவு பஸ் விடியற்காலை நான்கரைக்குச் சாப்பாவில் இறக்கிவிட்டது. ஒன்பது மணிவரை குளிரில் ஒரு கடையின் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டி வந்தாள். இருபது வயதுக்குமேல் இருக்காது. உண்மையிலேயே ஹ்மாங் பெண்தான். சொன்னவற்றில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். ஆறு பேர் குழு என்றார்களே, எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கூடை சுமந்த நான்கு பெண்கள் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். யாரும் அழைக்கவில்லை. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஆங்கிலத்தில் சரளமாகக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இல்லை, சுற்றுலாக்காரர்களின் வாயிலிருந்து பிடித்தது. இதைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தேன்: கூடவே வருவார்கள், கடைசியில் கூடையைத் திறந்து எதையாவது வாங்கச் சொல்லிப் பிடித்துக்கொள்வார்கள். மருமகனிடம் தமிழில் சொன்னேன், "பையை முன்பக்கம் மாட்டிக்கொள். பேச்சுக் கொடுக்காதே. திருட்டுக் கூட்டமாக இருக்கும்."

பக்கத்தில் வந்த அம்மாள், உன் மாமா என்ன சொல்கிறார் என்று அவனைக் கேட்டாள். பையன் கூசிப்போய், "மாமாவுக்குக் கால் வலியாம்" என்று சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் அந்த அம்மாள் என் கையை விடவில்லை. களிமண் சரிவுகளில் விலையுயர்ந்த காலணி போட்டிருந்த நான் வழுக்கிக்கொண்டே போனேன். அவள் வெறும் ரப்பர் செருப்பில் ஆணியடித்தாற்போல நின்று என்னை இறக்கினாள். அவள் உள்ளங்கை நீலமாக இருந்தது. ரேகைகளுக்குள்ளும் நகக்கண்ணிலும் நீலம். நம் ஊர் அவுரிச் சாயம் மாதிரியான ஒன்றில் துணியைத் திரும்பத் திரும்ப முக்குவார்கள். அது கையோடு தங்கிவிடுகிறது. தட்டையான பாதை வந்தால் போதும், இடுப்பிலிருந்து நார்க்கற்றையை எடுத்து, நடந்தபடியே நாரோடு நாரை முறுக்கிச் சேர்த்துக் கைவிரல்களில் சுற்றிக்கொள்வாள். கஞ்சாச் செடி இனத்தைச் சேர்ந்த நார்ச்செடி அது. அந்த நூலில்தான் அவர்கள் தங்கள் தறிகளில் துணி நெய்கிறார்கள். ஓய்வெடுத்த இடத்தில் பெரணி இலையைக் கிள்ளி ஒரு குதிரை முடைந்து மருமகன் கையில் கொடுத்தாள்.

நடையோ, பாதிக்குமேல் சிமென்ட் சாலை. லாரிகள் ஒலி எழுப்பி ஒதுக்கிக்கொண்டே போயின.

மதியச் சாப்பாட்டின்போது வழிகாட்டிப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு அவளுக்கு 3 லட்சம் டாங். தலைக்கு இல்லை, மொத்தக் குழுவுக்கும் சேர்த்து. ஆயிரம் ரூபாய். தொழில் புத்தி சும்மா இருக்குமா? எல்லோரும் எங்களைப் போலத் தலைக்கு 15 லட்சம் கட்டியிருந்தால் 19 பேருக்கு 2 கோடியே 85 லட்சம் டாங். இரண்டு நாளுக்கு இவள் கையில் 6 லட்சம். கூடைப் பெண்களுக்கு நிறுவனத்திலிருந்து ஒரு காசு கிடையாது. எதையாவது விற்றால்தான் உண்டு. என் கையைப் பிடித்து இறக்கியவளும் அந்தக் கணக்கில்தான் வருகிறாள். யாரைத் திருட்டுக் கூட்டம் என்று சொன்னேன் என்பதை மருமகன் எனக்கு நினைவுபடுத்தவில்லை. நல்ல பையன்.

கடைசியில் கூடை திறந்தது. நானே செய்தது என்று சொல்லி, மெழுகால் கோடு வரைந்து சாயத்தில் முக்கும் வேலைப்பாட்டில் ஒரு நீலப் பையை நீட்டினாள். 3,50,000 டாங். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

'ஹ்மாங் வீடு' என்பது தா வான் ஊரில் மூன்று மாடி கான்கிரீட் கட்டடம். நாங்கள் தங்கிய பகுதியே ஸாய் என்ற வேறொரு மக்களுடையது. கட்டடத்தின் உரிமையாளரோ ஹனோய்க்காரர். மாடியில் வரிசையாக இருபது மெத்தைகள், நடுவே ஒரு திரை. கீழே விடிய விடியக் கரோக்கே. மூலிகைக் குளியலும் ஹ்மாங்குகளுடையது இல்லை, சிவப்பு ஸாவ் மக்களின் வழக்கம் என்று வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். மலையில் யார் யாரோ, எல்லோருக்கும் ஒரே பெயரை ஒட்டி விற்கிறார்கள். 2019 கணக்கெடுப்பின்படி வியட்நாமில் ஹ்மாங் மக்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். தென் சீனாவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் இந்த மலைகளுக்கு வந்தவர்கள். ஆனால் இதே மலையில் ஸாவ், ஸாய், தாய் என்று வேறு பல இனங்களும் இருக்கின்றன, அவரவர் உடையோடும் மொழியோடும்.

தங்குபவர்களின் விவரத்தைப் போலீசில் பதிய வேண்டும் என்று இரவே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிவது உண்மையான விதிதான். ஆனால் காலையில் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் ஒரு சீட்டு வந்தது: நுழைவுச்சீட்டு 1,50,000, குளியல் 3,00,000, கம்பளி வாடகை 1,00,000, தண்ணீர் 40,000. மொத்தம் 5,90,000. எல்லாம் அடக்கம் என்றார்களே என்றால், அது ஹனோயில் சொன்னது, இங்கே எங்களுக்குத் தெரியாது என்றார்கள். பாஸ்போர்ட் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டினேன். இனி எங்கே போனாலும் விவரத்தைக் குறித்துக்கொண்டதும் கையோடு திருப்பி வாங்கிவிடுவேன். நகல் கொடுத்தால் போதுமா என்றும் முதலில் கேட்பேன்.

இரண்டாம் நாள் நடை இல்லை, மழை வரும் என்றார்கள். வானத்தில் மேகமே இல்லை. வேனில் ஏற்றி ஒரு துணிக்கடைக்குக் கொண்டுபோகிற திட்டம். நாங்கள் ஏறவில்லை. வாசலில் நேற்றைய அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவள் வீட்டுக்கு வரலாமா என்று மருமகன் கேட்டான். நானோ கூச்சத்தில் ஒதுங்கி நின்றேன்.

லாவ் சாய் பக்கம் ஒரு மணி நேர ஏற்றம். மரப்பலகைச் சுவர், மண் தரை, அடுப்புக்கு மேலே புகையேறிக் கறுத்த மக்காச்சோளக் கதிர்கள். வாசலில் சாயப் பீப்பாய். புளித்த நாற்றம் தூரத்திலிருந்தே வரவேற்றது. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் பொற்காகிதமும் ஒட்டிய கோழிச் சிறகும்: வீட்டுத் தெய்வத்தின் இடம். அரிசிச் சோறு, முட்டைக்கோசு, டோஃபு. பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, விரும்பியதைக் கொடு என்றாள். 2 லட்சம் கொடுத்தோம்.

பெட்டியிலிருந்து ஒரு பாவாடையை எடுத்துக் காட்டினாள். அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா செய்தது. மெழுகுக் கோடுகள் அங்கங்கே தடித்தும் மெலிந்தும் போயிருந்தன. ஈர விரலால் தொட்டால் நீலம் ஒட்டியது. மடிப்புகள் உள்ளங்கையில் சொரசொரத்தன. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் தொங்கிய பிளாஸ்டிக் உறையைப் பார்த்தேன். உள்ளே என் நீலப் பை. ஒன்றல்ல, இருபது. எல்லாவற்றிலும் ஒரே கோடு, ஒரே இடத்தில் ஒரே பிசிறு. அச்சுத் துணி.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பா சந்தையில் அதே பை 1,20,000க்குக் கிடைத்தது. அந்த 2,30,000 டாங்கை மட்டும் நான் ஏமாந்த கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு நாள் கைபிடித்து நடத்தியதற்குக் கூலி என்று எழுதிக்கொண்டேன்.

இன்னொரு தடவை போனால் ஹனோயில் பஸ் டிக்கெட் மட்டும் எடுப்பேன். சாப்பாவுக்குப் போய், ஹ்மாங் பெண்களே நடத்தும் நடைக் குழுக்களில் ஒன்றைத் தேடுவேன். அப்படிப்பட்டவை அங்கே இருக்கின்றன. தங்கும் வீட்டின் ஊர்ப்பெயர், எத்தனை பேர், சிமென்ட் சாலை எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுத்தில் வாங்குவேன். சின்னப் பிள்ளைகள் கையில் வளையலை வைத்துக்கொண்டு வந்தால் வாங்க மாட்டேன். விற்கத் தெரிந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டுக்கு மனம் வருவதில்லை, வாங்காதீர்கள் என்று ஊரிலேயே அறிவிப்பு வைத்திருக்கிறார்கள்.

ஹனோய் திரும்பிய அன்றே கடைக்குப் போனேன். ரசீதில் இருந்த நிறுவனப் பெயரும் பலகையில் இருந்த பெயரும் வேறு வேறு. கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரரிடமும் என் ரசீதைக் காட்டினேன். மூன்றாவது ஆள் வெளியேறியதும் கடைக்காரருக்கு மனம் இளகியது. 10 லட்சம் திருப்பித் தருகிறேன் என்றார். இரண்டு நீல நோட்டுகளை மடித்து, உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். வென்றுவிட்டேன் என்று மருமகனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் நூடுல்ஸ் கடையில் அவன்தான் உறையைப் பிரித்தான். "மாமா, இதில் ஒன்று 20,000."

வியட்நாமில் 5 லட்சமும் நீலம், 20,000மும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். செலவழிக்க மனமில்லாமல் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அகலம் இரண்டுக்கும் 65 மில்லிமீட்டர். நீளம் ஒன்று 152, மற்றது 136. மடித்துவிட்டால் தெரியாது. பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: 20,000இல் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் இருக்கும், 5 லட்சத்தில் கிம் லியென் ஊரின் ஓலைவீடு.

அந்த 20,000 நோட்டுக்குச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்று மருமகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். போட்டுக்கொள், ஆனால் உன் அம்மாவிடம் மூச்சுவிடாதே என்றிருக்கிறேன்.