ஆனிவர்சரி ஸ்பீடு கிராஃபிக்: திரை ஓடினால்தான் கேமரா

பழைய 4×5 அங்குலப் பிலிம் கேமரா வாங்குபவர்கள் முதலில் பெல்லோஸைத்தான் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) விரித்துப் பார்ப்பார்கள். 1940 முதல் 1947 வரை அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் தயாரான ஆனிவர்சரி ஸ்பீடு கிராஃபிக்கில் பெல்லோஸை அப்புறம் பார்க்கலாம். பிலிமுக்கு முன்னால் ஓடி, ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டராக வேலை செய்யும் பின்புறத்துத் துணித்திரைதான் இதன் உயிர். அது ஓடவில்லையென்றால், திரையே இல்லாத கிரௌன் கிராஃபிக்கை வாங்கிக்கொள்வது மேல், கனமாவது குறையும்.

திரைக்கு ஏன் இவ்வளவு மவுசு? சொந்த ஷட்டர் இல்லாத லென்ஸ்களையும் இதில் மாட்டிப் படமெடுக்கலாம். விமானக் கேமராவுக்காகச் செய்த கோடக் ஏரோ எக்டார் (178 மி.மீ., எஃப் 2.5) லென்ஸைத் தேடிப்பிடித்து இந்த உடலில் மாட்டுவது அதற்காகத்தான்.

அமைப்பு எளிமையானது. ரப்பர் பூசிய ஒரே நீளத் துணி, மேலே ஒரு உருளை, கீழே உள்ளே சுருள்வில் வைத்த இன்னொரு உருளை. துணியில் 1½, ¾, ⅜, ⅛ அங்குலப் பிளவுகளும் ஒரு முழுத் திறப்பும் உண்டு. வில்லின் இறுக்கம் 1 முதல் 6 வரை. நான்கு பிளவு, ஆறு இறுக்கம் என 24 வேகங்கள். 1/10 நொடியில் தொடங்கி 1/1000 வரை உடலில் ஒட்டிய தகட்டில் அச்சிட்டிருக்கும். அந்தத் தகட்டை அப்படியே நம்ப வேண்டாம். ஏறக்குறைய எண்பது வருடத்து வில் அது.

உண்மை வேகத்தை அறியத் தனிக் கருவி தேவையில்லை. 1/1000 வர வேண்டுமானால், இறுக்கம் 6-இல் ⅛ அங்குலப் பிளவு நொடிக்கு 125 அங்குலம் ஓட வேண்டும். படச்சட்டத்தின் உயரம் ஏறக்குறைய 4 அங்குலம். அதைக் கடக்க 32 மில்லிநொடி. லென்ஸ் போர்டை (லென்ஸ் மாட்டிய பலகை) கழற்றி முன்னால் விளக்கு வைத்து, பின்னாலிருந்து கைபேசியில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம்பிடியுங்கள். பிளவு மேலிருந்து கீழே இறங்க 8 பிரேம் ஆனால் நல்ல திரை. 12 பிரேம் ஆனால் கிடைப்பது 1/640 தான். அதுவும் மோசமில்லை, எல்லா முறையும் அதே 12 வருகிறதா என்பதே முக்கியம். ஒரு முறை 9, மறுமுறை 14 என்றால் உருளைகளைத் துடைத்தாக வேண்டும்.

அடிக்கடி வரும் கோளாறு, குறைந்த இறுக்கத்தில் திரை பாதியில் நின்றுவிடுவது. 5, 6-இல் ஓடி 1, 2-இல் நின்றால் வில்லைக் குறை சொல்லாதீர்கள். உருளை முனைகளில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கிறது. இறுக்கத்தைக் கூட்டியே காலம் தள்ளினால் ஒருநாள் துணி உருளையில் ஒட்டிய இடத்தில் கிழியும்.

இறுக்கத்தை 1-க்கு இறக்கிவிட்டுப் பின்சட்டத்தைக் கழற்றுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒட்டுநாடாவில் ஒட்டிவையுங்கள். லைட்டர் பெட்ரோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் உருளை முனைகளைத் துடைத்து, திரையைச் சுற்றிவிட்டு, மறுபடி துடைக்க வேண்டும். பஞ்சு சுத்தமாக வரும்வரை, நாலைந்து தடவை. காய்ந்தபின் ஊசிமுனை அளவு கடிகார எண்ணெய் போதும். துருநீக்கி ஸ்பிரே பக்கமே போக வேண்டாம். எண்ணெய் துணியில் ஏறினால் ரப்பர் பூச்சு ஊறிப் பிசுபிசுக்கும். வில்லை முழுவதும் தளர்த்த நேர்ந்தால் எத்தனை சுற்று என எண்ணி எழுதிவையுங்கள். கை நழுவி அது தானாக அவிழ்ந்துவிட்டால், பழைய எண் தெரியாமல் கைபேசிச் சோதனையை வைத்துச் சுற்றுச் சுற்றாக ஏற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

ஊசித்துளைகள் அடுத்த தலைவலி. இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் வைத்துத் திரையின் ஒவ்வொரு பகுதியையும் பாருங்கள். நாலைந்து துளி வெளிச்சம் என்றால், வளைந்துகொடுக்கும் கறுப்புத் துணிப் பெயிண்டை மெல்லியதாக இரண்டு பூச்சு அடித்தால் அடைபடும். தடித்துப் பூசினால் சுற்று பருத்து வேகம் மாறும். முழுவதும் விண்மீன் வானம் போலத் தெரிந்தால் துணியையே மாற்ற வேண்டும். பிளவு ஓரத்து உலோகப் பட்டைகளைப் பத்திரமாகப் பிரித்துப் புதுத் துணியில் சேர்க்கலாம். சூப்பர் குளூ வேண்டாம், இறுகி வெடிக்கும். ரப்பர் வகைக் காண்டாக்ட் பசை போட்டு ஒருநாள் காயவிடுங்கள். துணி சதுரம் தவறினால் திரை ஒருபக்கம் ஏறி உரசும். ஒட்டும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திரையைச் சுற்றும்போது பிளவுகள் பிலிம் முன்னாலேயே கடந்து போகும். பிலிமை வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் மறைப்புத் தகட்டை உருவும் முன்பே சுற்றி முடிக்க வேண்டும். பாதிப் படங்கள் புகைமூட்டமாக வந்தால் ஷட்டரைப் பழுதுபார்க்க ஓடாதீர்கள். இந்த வரிசை தவறியிருக்கலாம்.

ஷட்டர் இல்லாத லென்ஸ் கையில் இருந்தால் இந்தக் கேமராவைத் தயங்காமல் வாங்கலாம். லென்ஸிலேயே ஷட்டர் உள்ளவர்களுக்குக் கிரௌன் போதும். விற்பவரிடம் தோலின் பளபளப்பைக் காட்டும் படங்களைக் கேட்காதீர்கள். ⅛ பிளவில், இறுக்கம் 1-இலும் 6-இலும் மும்மூன்று முறை திரை ஓடும் ஸ்லோமோஷன் வீடியோவைக் கேளுங்கள்.