தாமஸ் மெலன் பிறந்த வீட்டுக்கு அப்பாவோடு போனோம்

அப்பா வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டைட்டானிக் மியூசியம், ஜயன்ட்ஸ் காஸ்வே எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. "வேற என்னம்மா இருக்கு?" என்றார். சரி என்று டைரோன் கவுண்டியில் ஒமா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அல்ஸ்டர் அமெரிக்கன் ஃபோக் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். கார்தான் வசதி. ஒமாவுக்கு ரயிலை 1965-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

பார்க் என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் எதிர்பார்த்த என் மகளுக்கு முதல் பத்து நிமிடம் முகம் தொங்கிப்போனது. இது இங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் கதையைச் சொல்லும் திறந்தவெளி அருங்காட்சியகம். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டான 1976-இல் திறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மையம் ஒரு சின்னக் கூரை வீடு. பின்னாளில் அமெரிக்காவில் வங்கி தொடங்கிய தாமஸ் மெலன் 1813-இல் பிறந்த வீடு. அவருடைய அப்பா தன் கையாலேயே கட்டியது. பார்க்கில் பல வீடுகளை வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இது மட்டும் பிறந்த இடத்திலேயே நிற்கிறது.

உள்ளே அடுப்பில் டர்ஃப் எரிந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. அதன் புகைவாசம் இரண்டு நாள் என் ஸ்வெட்டரை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்து உடையில் ஒரு அம்மா இரும்புக் கல்லில் சோடா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா கல்லைத்தான் பார்த்தார். "நம்ம தோசைக்கல்லுக்குச் சங்கிலி மாட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

தாமஸின் தாத்தா 1816-இல் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார். 1818-இல் தாமஸின் அப்பாவும் அம்மாவும் ஐந்து வயதுப் பிள்ளையோடு கிளம்பினார்கள். "முதல்ல ஒருத்தர் போறது, அப்புறம் மத்தவங்க பின்னாலயே கிளம்பறது. எல்லா ஊர்லயும் இதே கதைதானா?" என்றார் அப்பா. நான் பதில் சொல்லவில்லை. என் அண்ணன் இங்கே வந்த இரண்டாம் வருடம் நான் வந்தவள்.

எனக்கு மிகவும் பிடித்தது நடக்கும் வழியை அமைத்திருக்கும் விதம். அயர்லாந்து வீடுகள், பள்ளிக்கூடம், கடைத்தெரு, அப்புறம் துறைமுகம். அங்கே உண்மையான அளவில் ஒரு கப்பல். அடித்தட்டில் இருட்டு, இரண்டடுக்குப் பலகைப் படுக்கை, நெருக்கியடித்து. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் அமெரிக்கத் தெரு. திரும்பிப் பார்த்தால் கூரை வீடு தெரியாது. மகள் அங்கேதான் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினாள்.

அந்தப் பக்கத்தில் மெலன் குடும்பம் பென்சில்வேனியாவில் கட்டிக்கொண்ட மர வீட்டின் மாதிரி இருக்கிறது. மகனுக்காகப் பக்கத்து நிலத்தை வாங்கிவிட தாமஸின் அப்பா டவுனுக்குப் போயிருக்கிறார். பதினேழு வயது தாமஸ் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், 'நமக்கு விவசாயம் வேண்டாம்' என்று கோடாலியைப் போட்டுவிட்டு, பத்து மைல் ஓடிப்போய்க் கிரயத்தைத் தடுத்திருக்கிறார். பிறகு வக்கீல், நீதிபதி. 1869-இல் அந்தப் பதவியை விட்டதும் பிட்ஸ்பர்க்கில் மகன்களோடு வங்கி. அதில் ஒரு மகன் ஆண்ட்ரூ, 1921 முதல் 1932 வரை அமெரிக்க நிதிச் செயலாளர். என் அப்பா கூட்டுறவு வங்கியில் 31 வருடம் இருந்தவர். "செல்போன் இருந்திருந்தா ஓட வேண்டியதில்லை, நிலமும் மிச்சம், ஒரு பேங்கும் மிச்சம்" என்றார். எது மிச்சமாகியிருக்கும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் மெலன் கதை ஜெயித்தவர் கதை. ராக்கி மலையில் தோல் வியாபாரம் செய்து பணக்காரரான ராபர்ட் கேம்பல், நியூயார்க் ஆர்ச்பிஷப்பான ஜான் ஹியூஸ் இவர்களின் வீடுகளும் அப்படியே. நான் அதிக நேரம் நின்றது பெயர்பெற்றவர் யாருமில்லாத ஒற்றை அறைக் குடிசையில். சமையல், படுக்கை, பிள்ளைகள் எல்லாம் அதே நாலு சுவருக்குள். மெலன் வீட்டைப் பார்த்த கையோடு இதற்குள் போய்ப் பாருங்கள். மெலன் வீடு பங்களாவாகத் தெரியும்.

குறைந்தது நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். புலம்பெயர்ந்தோர் பற்றிய ஆய்வு நூலகமும் இங்கேயே இருக்கிறது. எங்களுக்கு நேரம் போதவில்லை. வீட்டுக்கு வீடு நடப்பது வெட்டவெளியில். டைரோனில் மழை சொல்லிக்கொண்டு வராது. மூன்று பேருக்கும் மழைக்கோட்டு எடுத்துவைத்தேன். அவை பத்திரமாகக் கார் டிக்கியிலேயே இருந்தன.