ஆறு வாரமும் ஒரு சோடிக் கையுறையும்: பர்லெஸ்க் தொடக்க வகுப்பு

நாற்பத்தொரு வயதில் பர்லெஸ்க் பழகப் போனேன். ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு நடனக்கூடத்தின் மாடி, செவ்வாய்க்கிழமை இரவு 7.30, ஆறு வாரம். கட்டணம் 180 டொலர், வரி வேறு. கூடத்தின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் எழுதவில்லை. இந்த மேடையில் பெரும்பாலானோருக்கு ஆடுவதற்கு ஒரு பெயர், வேலைக்குப் போக ஒரு பெயர். என்னோடு படித்த ஒன்பது பேரில் ஒருவர் பள்ளிக்கூட ரீச்சர். ஒருவரின் இரண்டு பெயரையும் சேர்த்து வெளியில் சொல்லக் கூடாது, கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது. முதல் நாள் இந்த இரண்டு விதியும்தான் முதலில் வந்தன. அதைக் கேட்டபோதே இடம் சரியானது என்று பட்டது.

தெரியாதவர்களுக்கு: பர்லெஸ்க் என்பது ஆடையைச் சிறிது சிறிதாகக் களைந்தபடி, பார்ப்பவரைச் சீண்டிச் சிரிக்கவைத்து ஆடும் மேடை ஆட்டம். 1868இல் லிடியா தொம்சன் என்ற ஆங்கில நடிகை தன் பெண்கள் குழுவோடு நியூயோர்க் வந்து, ஆண் வேடம் கட்டி, கால் தெரிய ஆடி, பெரிய மனிதர்களைக் கிண்டலடித்தார். அன்று யாரும் எதையும் கழற்றவில்லை. அது பிறகு வந்த பழக்கம்.

முதல் வகுப்பு முழுக்க ஒரேயொரு கையுறை. முழங்கைக்கு மேல் வரும் சாட்டின் கையுறை. நான் இழுத்தேன், நாலு விநாடியில் வந்துவிட்டது. "இப்போது அதை ஒரு நிமிடத்துக்கு நீட்டுங்கள்" என்றார் ஆசிரியை. முதலில் ஒவ்வொரு விரல் நுனியாகப் பிடித்துச் சற்றே தளர்த்த வேண்டும். சுண்டுவிரலில் தொடங்கினால் பெருவிரல் கடைசியாக வரும். பிறகு மேல் விளிம்பை உள்ளங்கையால் மணிக்கட்டு வரை சுருட்டி இறக்கவேண்டும். அங்கே நிற்க வேண்டும். அப்படி நிற்பதுதான் பாடமே. எல்லாரும் அடுத்தது என்ன என்று காத்திருக்கும்போது எதுவும் செய்யாமல் அவர்களைப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் நடுவிரல் நுனியைப் பல்லால் கவ்வி இழுப்பது.

நான் சின்ன வயதில் ஏழு வருடம் பரதம் பழகியவள். கை போகும் இடத்துக்குக் கண் போகவேண்டும் என்று எங்கள் ரீச்சர் தட்டுக்கழியால் தட்டித் தட்டிச் சொன்னது உடம்பில் ஊறியிருந்தது. இங்கே நேர்மாறு. கை கையுறையில் வேலை செய்யும், கண் மட்டும் சபையை விட்டு அசையக் கூடாது. என் கண் தானாகவே கையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அதை மறக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆனால் பரதத்தில் கிடைத்த இன்னொன்று கைகொடுத்தது: புருவத்தாலும் கழுத்தாலும் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகச் சொல்லும் பயிற்சி. சஞ்சாரி எனப்படும் அந்தப் பயிற்சி செய்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் பாதி ஏற்கனவே தெரியும்.

வீட்டில் பழகும்போது என் மச்சாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மச்சாள், ஒரு கிளவுஸ் கழட்ட இவ்வளவு நேரமோ?" என்றாள். அடுத்த நிமிடம் அவளே கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு இது பிடிபட்டது.

இரண்டாம் வாரம் நடையும் இடுப்பும். மூன்றாம் வாரம் காலுறை: கதிரையில் அமர்ந்து, கொக்கியைக் கழற்றி, இரண்டு உள்ளங்கையாலும் உருட்டி இறக்குவது. உள்ளாடையை, காலுறையைப் பிடித்திருக்கும் கார்ட்டர் பட்டிகளுக்கு மேலாகப் போடவேண்டும் என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். கடைசியில் கழற்றுவதை முதலில் உடுத்தவேண்டும், ஆகவே ஆட்டத்தைப் பின்னாலிருந்து முன்னால் யோசிக்கவேண்டும். ஸிப் துணியில் சிக்கும், சிறு கொக்கி வியர்வைக் கையில் வழுக்கும். பிரஸ் பட்டன்தான் நம்பிக்கையானது. ஸ்காபரோவில் எனக்குச் சட்டை தைக்கும் அக்காவிடம் பாவாடை இடுப்பில் நாலு பிரஸ் பட்டன் வைத்துத் தரச் சொன்னேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். ஐந்தாவது பட்டன் ஒன்றைத் தானாகவே வைத்துத் தந்தார்.

நாலாம் வாரம் குஞ்சம். மார்புக்காம்பை மூடும் சிறு வட்டங்களைப் பேஸ்டி என்பார்கள், அதன் நடுவில் குஞ்சம் தொங்கும். வகுப்பில் பனியனுக்கு மேலே ஒட்டித்தான் பழகினோம். தோளை ஆட்டினால் சுற்றாது. குதியை மெல்லத் தூக்கி இறக்கும் துள்ளல்தான் சுற்றவைக்கும், கையை மேலே தூக்கினால் இன்னும் எளிது. ஒட்டுவதற்கு விக் ஒட்டும் இரட்டைப்பக்க ஒட்டுநாடா போதும். முந்தின நாளே கையின் உட்பக்கத்தில் ஒட்டித் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கழற்றுவதற்கு எண்ணெய். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயே நன்றாக வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. கடைசி வார மேடைக்குத் தனியாக 40 டொலர் கட்டவேண்டும் என்பதை நாலாம் வாரம்தான் சொன்னார்கள். சேரும்போதே சொல்லியிருக்கவேண்டும். உடைப் பட்டியலில் "தோல் நிற" காலுறை என்று போட்டிருந்தது, அவர்கள் சொன்ன கடையில் இருந்ததோ வெளிர் இளஞ்சிவப்பு ஒன்றுதான். என் காலுக்கு அது தோல் நிறம் இல்லை. கடும் தேத்தண்ணியில் இரவு முழுக்க ஊறப்போட்டு நிறம் ஏற்றினேன். அடுத்த நாள் ஆசிரியையிடம் சொன்னேன், மன்னிப்புக் கேட்டார், பட்டியலையும் திருத்தினார். ஐந்தாம் வாரம் இறகு மாலையோடு போனது. இறகு உதிர்ந்து தரையெல்லாம் பரந்ததைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கற்கவில்லை.

வரலாறு பத்தே நிமிடத்தில் முடிந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். நாங்கள் பழகிய கூடத்திலிருந்து சற்றுத் தூரத்தில், ஸ்படைனா, டண்டாஸ் தெருக்கள் சந்திக்கும் மூலையில், 1920களில் யூதர்களின் இத்திஷ் மொழி நாடக அரங்காகத் தொடங்கிய கட்டடம் பிறகு விக்டரி பர்லெஸ்க் ஆகி 1970கள் வரை நடந்தது. மொன்றியலில் லிலி சென் சிர் என்ற பர்லெஸ்க் ஆட்டக்காரி 1944 முதல் கெயிட்டி அரங்கை நிரப்பினார். 1951இல் ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள், விடுதலையானார். நியூயோர்க்கில் மேயர் லகார்டியாவின் காலத்தில், 1937இல், பர்லெஸ்க் அரங்குகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து மூடினார்கள். அதே 1930களில்தான் சென்னையில் சதிர் ஆடிய பெண்களைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்களின் ஆட்டத்தை மட்டும் எடுத்து, பரதநாட்டியம் என்று பெயர் மாற்றி, மரியாதையான மேடைக்கு ஏற்றினார்கள். நான் ஏழு வருடம் பழகியது அந்த ஆட்டத்தைத்தான். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு ரீச்சரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த வகுப்பில் உட்கார்ந்துதான் அவர்களை முதன்முதலாக நினைத்துக்கொண்டேன்.

எதைக் கழற்றுவது, எங்கே நிறுத்துவது என்பது ஆடுபவரின் முடிவு என்று ஆசிரியை ஒவ்வொரு வாரமும் சொன்னார், சொன்னபடியே நடந்தும் கொண்டார். நான் கையுறை, சால்வை, பாவாடையோடு நிறுத்தினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மேடை நாளன்று சுமார் அறுபது பேர். மூன்று நிமிடம் சக்சபோன் இசை. மணிக்கட்டில் கையுறை நின்றபோது நானும் நின்றேன். கடைசி வரிசையிலிருந்து மச்சாளின் குரல், "கழட்டன் மச்சாள்!" சபை முழுக்கச் சிரித்தது, நான் இன்னும் நாலு எண்ணிக்கை காத்திருந்தேன். பாவாடையின் ஐந்து பட்டனும் ஒரே இழுவையில் விட்டன. ஆட்டம் முடிந்ததும் மேடையில் விழுந்ததைப் பொறுக்கும் பிள்ளை, கிட்டன் என்பார்கள், கையுறைகளை மடித்துக் கொண்டுவந்து தந்தாள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு: வகுப்பும் வரியும் மேடையும் சேர்த்து 243 டொலர், உடைக்கு இன்னும் 110. கையுறையை மலிவாக வாங்காதீர்கள், விரல் நுனி தைத்த இடம் பல்லில் பிரிந்துவிடும். அரை அளவு பெரிதாக எடுங்கள். ஜனவரியில் இரண்டாம் நிலை தொடங்குகிறது, தீக்கோழி இறகு விசிறி. நான் காசு கட்டிவிட்டேன். முதல் நிலையில் மச்சாள் சேர்ந்திருக்கிறாள்.